இரட்டை இலைச் சுருட்டு

தலைப்பைக் கண்டதும் நாம் தேர்தல் பிரசாரத்தில் இறங்கிவிட்டோமோ என்று ஐயுற வேண்டாம். மெய்யாகவே புகையிலைச் சுருட்டைப் பற்றித்தான் இம்மாதம் எழுதப் புகுந்தோம். அதிலும், ஒரே சுருட்டின் மேல் கறுப்பு இலை ஒன்றும் வெளுப்பு இலை ஒன்றுமாக வரிவரியாய்ச் சுற்றி வரும் வினோதச் சுருட்டு. ரயில்வே கேட்டின் வரியிட்ட கம்பத்தைச் சிறிதாக்கிக் கையில் கொடுத்தாற்போல் இருக்கும். மேல்நாட்டார், நாவிதர் கடை வாசலில் நிற்கும் வரிக் கம்பத்தின் பெயரையே இதற்கு இட்டிருக்கின்றனர். சில வகைகளில் பச்சை இலை ஒன்றும் சேர்ந்து மூன்று வரி ஓடுவதும் உண்டு.

சுருட்டு என்பது மூன்று பகுதிகளால் ஆனது. நடுவே உள்ளிலை, அதைக் கலையாமல் பிடித்து வைக்கும் கட்டிலை, எல்லாவற்றிற்கும் மேலே, பட்டுத் துணிபோல் வழவழப்பான மேலிலை. கண்ணுக்குத் தெரிவது இம்மேலிலை ஒன்றே. ஆகவே விலையும் பெரும்பாலும் இதைப் பொறுத்தே அமைகிறது. நிழலுக்காகத் துணிப்பந்தலின் கீழ் வளர்த்தால் இலை மெலிந்து வெளுப்பாகும். அடுக்கி வைத்து நெடுநாள் புழுங்க விட்டால் கறுத்து, சற்றே இனிப்பேறும். பறித்த கையோடு சூடு காட்டி விரைந்து உலர்த்தினால் பச்சை நிறம் போகாமல் நின்றுவிடும். இப்படித் தடிப்பிலும் ஈரப்பதத்திலும் மாறுபட்ட இலைகளை ஒன்றாக இழுத்துச் சுற்றுவதென்பது விளையாட்டுக் காரியமல்ல.

நமது மெட்டுகுடா குடியிருப்பில் வளர்ந்து, இப்போது கப்பலில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் விடுமுறையில் வந்தபோது இத்தகைய சுருட்டுகள் பத்து அடங்கிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். நமக்கு வெற்றிலை பாக்கோடு சரி. புகைக்கும் வழக்கம் கிடையாது. ஆயினும் இப்பகுதியை எழுதுபவர் எதையும் அறிந்து எழுத வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட்டு, நாங்கள் நால்வர் ஒன்றைப் பற்ற வைத்து ஆளுக்குச் சில இழுப்பாகப் பகிர்ந்துகொண்டோம்.

முதல் இழுப்பில் மிளகுக் காரம். பிறகு வறுத்த காப்பிக்கொட்டை மணமும், அடிநாக்கில் கருப்பட்டிபோல் ஓர் இனிப்பும். ஒவ்வொரு வரிக்கும் சுவை மாறி மாறி வரும் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது. நாமும் காத்திருந்தோம், மாறவேயில்லை. யோசித்தால் மாறுவதற்கு வழியும் இல்லை. இரண்டு இலையும் திருகு சுற்றாகப் போவதால், நெருப்பு எவ்விடத்தில் நின்றாலும் அவ்வட்டத்தில் கறுப்பும் வெளுப்பும் சேர்ந்தேதான் எரிகின்றன. கலந்த புகைதான் வாய்க்கு வரும். இன்னொரு தொல்லை: மெல்லிய இலை முந்தி எரிய, தடித்த இலை பின்தங்க, சுருட்டின் முனை கோணிக்கொண்டே போயிற்று. விளம்பரத்தை நம்பி அதிக விலை கொடுக்க இதில் ஒன்றும் இல்லை என்பதே நமது முடிவு.

அந்த முடிவைத் திருத்தியவர் அவ்வீட்டுப் பெரியவர். அந்த இளைஞரின் பாட்டனார். லாலாகுடா பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் நாளுக்கு நாலு சுருட்டு பிடித்தவர்தாம். நெஞ்சில் கோளாறு கண்டு மருத்துவர் எச்சரித்த பின் எட்டு ஆண்டுகளாகத் தொட்டதில்லை. பெட்டியை நோக்கி அவர் கை நீண்டதும், வாசற்படியில் நின்ற மருமகள், "மாமா!" என்றார். ஒரே சொல்தான்.

"பற்ற வைக்க மாட்டேன் அம்மா. ஓர் ஈரத்துணியும், ஒரு பிளேடும் கொடு" என்றார் பெரியவர்.

ஈரத்துணியில் சுருட்டைப் பொதிந்து சிறிது நேரம் வைத்தார். பிறகு நுனியில் பசை ஒட்டியிருந்த இடத்தை நகத்தால் நெம்பி, இரண்டு மேலிலைகளையும் கிழியாமல் பிரித்தெடுத்து மடியின்மேல் விரித்தார். "பார் தம்பி, இரண்டையும் ஒரே அகலத்தில் நறுக்கியிருக்கிறான். நரம்பெல்லாம் உட்புறம் போயிருக்கிறது. இலையின் இடப்பாதியை ஒரு பக்கமாகவும் வலப்பாதியை எதிர்ப்பக்கமாகவும் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் நரம்பு குறுக்கே போய்த் துருத்தும். இவன் இரண்டு இலையிலும் ஒரே பாதியைத் தேர்ந்து எடுத்திருக்கிறான். நீ புகையைப் பார்த்தாய், கையைப் பார்க்கவில்லை" என்றார் நம்மிடம்.

இவையெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் ஐயா என்று கேட்டோம். அவர் பேரனுக்கும் அதே கேள்வி முகத்தில் இருந்தது. அப்போதுதான் அவ்வீட்டில் எவருக்கும் தெரியாதிருந்த செய்தி வெளிவந்தது. பெரியவரின் தாயார் உறையூரில் சுருட்டுச் சுற்றிப் பிழைத்தவராம். நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி. பத்து வயதில் இவர் பள்ளி விட்டு வந்து, தாயாருக்கு அருகில் அமர்ந்து இலையின் நடு நரம்பை உரித்துக் கொடுப்பாராம். பதினைந்து வயதில் தாமே சுற்றவும் கற்றாராம். 1969-ல் சிகந்தராபாத்திற்கு வேலைக்கு வந்தபின் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. "பெண் எடுக்கும் இடத்தில் புகையிலை நாற்றம் வேண்டாம் என்று என் தமையனார் சொன்னார். அதோடு விட்டது" என்றார். மருமகள் வாசற்படியை விட்டு வந்து அருகில் உட்கார்ந்தார்.

பெரியவர் மறுபடியும் சுற்ற முயன்றார். விரல்கள் நடுங்கின. வெளுப்பு இலை மூன்றாம் சுற்றில் கிழிந்தது. அதைத் தள்ளிவிட்டுக் கறுப்பு இலையை மட்டும் எடுத்து, இழுத்துப் பிடித்து, இடைவெளி இல்லாமல் நெருக்கமாகச் சுற்றி முடித்தார். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் சுற்றாத கை! அடுத்த முறை சுருட்டு வேண்டாம், மேலிலை மட்டும் நாலு கொண்டு வா என்று பேரனிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

உறையூர்ச் சுருட்டின் பெருமை ஊரறிந்தது. நமது 'சுருட்டு' என்ற சொல்லே ஆங்கிலத்தில் செரூட் ஆயிற்று. போர்த்துக்கீசியர் அதனைச் சாருட்டோ என்று ஆக்கிக்கொண்டனர். 1887-ல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதல் நாவலில், தரையில் கிடந்த சாம்பலைக் கண்டே கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கூறுகிறார். சர்ச்சில் திருச்சிச் சுருட்டை விரும்பியவர் என்பது உறையூரார் இன்றும் பெருமையோடு சொல்வது. உள்ளே போகும் இலை திண்டுக்கல் பக்கத்தது. வேடசந்தூரில் 1948-ல் சுருட்டுப் புகையிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது. ஆனால் மேலிலைதான் நம் பக்கத்துக்கு எப்போதும் தலைவலி. நம் வெயிலில் இலை தடித்துவிடும். மேலிலை ஆராய்ச்சிக்காக வங்காளத்தின் வடகோடியில், கூச்பிகார் பக்கம் தின்ஹாட்டாவில் 1952-ல் தனி நிலையம் அமைக்க நேர்ந்தது.

உலகச் சந்தையில் மேலிலைக்குப் பேர்போன இடங்களுள் ஒன்று சுமத்ராத் தீவின் டெலி. 1863-ல் நியன்ஹைஸ் என்ற ஒல்லாந்தர் அங்கு புகையிலை பயிரிடத் தொடங்கினார். அத்தோட்டங்களுக்குச் சீனர், ஜாவானியரோடு நம் தமிழரும் போனார்கள். சாலை போட்டதிலும் மாட்டுவண்டி ஓட்டியதிலும் அவர்கள் பங்கு பெரிது. மேடான் நகரில் 1884-ல் எழுந்த மாரியம்மன் கோயிலும், இப்போது கம்போங் மெட்ராஸ் எனப்படும் வட்டாரமும் அவர்கள் விட்ட சுவடுகள். உறையூரிலிருந்து ஒருவர் ரயிலேறி வடக்கே வந்ததைப் போல், வேறு சிலர் கப்பலேறிப் புகையிலைக் காட்டுக்கே போயிருக்கின்றனர்.

பின்னர் பீடியும் சிகரெட்டும் சுருட்டை ஒதுக்கின. நமது ஆஸமாபாத் ஆலையிலிருந்து புறப்பட்ட சார்மினார் சிகரெட்டை அறியாதார் உண்டா? கையால் ஒன்று சுற்றும் நேரத்தில் இயந்திரம் நூற்றுக்கணக்கில் தள்ளும்போது, கூலிக்காரத் தாய்மார் எத்தனை நாள் ஈடுகொடுப்பார்கள்?

கைத்திறனைப் புகழ்ந்ததால் புகைப்பதைப் புகழ்ந்ததாக எவரும் கொள்ளலாகாது. புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாயின் வழியே நிகோடின் உடலில் ஏறவே செய்யும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருப்பதும் உண்டு. ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் கரையோர ஊர்களில், எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுட்டா பிடிக்கும் பெண்களுக்கு மேலண்ணத்தில் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கின்றனர். பெரியவரின் மருமகள் பெட்டியைப் பூட்டி வைத்தது சரியே. எட்டு மீதி, பெரியவர் சுற்றிய ஒன்று தனியே இருக்கிறது.

விடுமுறையில் திருச்சி செல்லும் அன்பர்கள் உறையூரில் விசாரித்தால் கையால் சுற்றுவதை இன்றும் காணலாம். வாங்கி வர விரும்பினால் பெட்டியில் மூடி வைத்துக் கொண்டு வாருங்கள். வண்டியில் மட்டும் பற்ற வைத்துவிடாதீர்கள்: 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 167-ஆம் பிரிவில் நூறு ரூபாய் வரை அபராதம் உண்டு.