மலையைக் கெல்லி எலி பிடிக்கலாமா?



பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே செயற்கூறு. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தருவது தூய செயற்கூறு என்று படிக்கிறோம். "இப்படிச் செயற்கூறுகளாலேயே நிரல் எழுதுற மொழி நிஜமா இருக்கா மிஸ்?" என்று கேட்டேன். "ஹாஸ்கெல்னு ஒண்ணு இருக்கு. 1990-லயே வந்தது. எழுதிப் பாரு" என்றார்.

எழுத ஒரு கணக்கும் கிடைத்தது. சேத்தூர் மலையடிவாரத்தில் ஒரு தோப்பில் வாங்கிய ஐந்து மாம்பழங்களை எடை போட்டேன். 220, 240, 250, 260, 280 கிராம். சராசரி 250. பத்தாம் வகுப்பில் படித்த திட்டவிலக்கமும் வேண்டும்.

உடனே நூலகம் தேடினேன். (நம்ம பள்ளி நூலகம் இல்லை! பிறர் எழுதி வைத்த செயற்கூறுகளின் தொகுப்பு.) ஹாஸ்கெலுக்கு 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற பெயரிலேயே ஒன்று உண்டு. பிரயன் ஓசல்லிவன் என்பவர் உருவாக்கியது. நிகழ்தகவுப் பரவல்கள், சோதனைகள் எல்லாம் உள்ள நல்ல நூலகம்தான். ஆனால் தனியாக வராது. தனக்குத் தேவையான வேறு பல தொகுப்புகளையும் கூட்டிக்கொண்டுதான் வரும். கல்யாணத்துக்கு ஒருத்தரைக் கூப்பிட்டா தெருவே வேன் பிடிச்சு வந்த கதை! அண்ணனின் பழைய லேப்டாப் இரவெல்லாம் ஓடியது. அம்மா செல்போனில் அன்றைய நெட் தீர்ந்தது. வேலை முடியவில்லை.

மறுநாள் பைத்தானில் போட்டேன். 2014-ல் வந்த 3.4 பதிப்பு முதல் அதில் சின்னதாக ஒரு புள்ளியியல் தொகுப்பு கூடவே வருகிறது. விடை 22.36. நோட்டில் கையால் போட்டதோ 20! "டேய், கம்ப்யூட்டருக்கே கணக்குத் தெரியலடா" என்று ஒரே சிரிப்பு.

கணக்கு சார்தான் விளக்கினார். விலக்கங்களின் வர்க்கக் கூடுதல் 2000. நம் புத்தகம் 5-ஆல் வகுக்கிறது. 400, வர்க்கமூலம் 20. நான் போட்ட 'எஸ்டிடெவ்' 4-ஆல் வகுக்கிறது. 500, வர்க்கமூலம் 22.36. கூடையில் உள்ள ஐந்து பழம் மட்டும் என்றால் 20. அந்த ஐந்தை மாதிரியாக வைத்துத் தோப்பையே மதிப்பிட வேண்டுமென்றால் 22.36. இரண்டும் சரி. எது வேண்டும் என்று எனக்குத்தான் தெரியவில்லை.

அன்று மாலை ஹாஸ்கெலில் நானே எழுதினேன். சராசரியைக் கழி, வர்க்கப்படுத்து, மறுபடி சராசரி எடு, வர்க்கமூலம் காண். சில வரிகள்தான். 20 வந்தது.

நூலகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய கணக்குக்குப் பெரிய நூலகம் வேண்டும்தான். சின்னத் தேவைக்குச் சின்னதே போதும். எதை எடுத்தாலும் முதலில் ஐந்து எண்ணைக் கையால் போட்டு ஒத்துப் பாருங்கள் என்பதே என் கருத்து. நோட்டில் அந்த 20 இல்லாவிட்டால், 22.36-ஐ அப்படியே சார்ட்டில் எழுதி ஒட்டியிருப்பேன். ஏன் என்று யாராவது கேட்டால் திருதிருவென முழித்திருப்பேன்.

விடை கணினி தரும். அர்த்தம் நமக்கல்லவா தெரிய வேண்டும்? சிந்திப்போமா நண்பர்களே!

- பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்