வண்டும் வியாபாரியும்

சம்சாரிக்குப் பயறைக் காக்கத் தெரியவில்லை என்று உபதேசிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. வண்டு காட்டிலேயே காயின்மேல் முட்டையிட்டுவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அதனால்தான் நன்றாகக் காயவைக்கிறான். துவரைக்குச் செம்மண் கட்டுகிறான். உளுந்துக்கு விளக்கெண்ணெய் பிசறுகிறான். எண்ணெய் பட்ட முட்டை மூச்சடைத்துச் சாகும்.

ஆனால், இந்தப் பக்குவமெல்லாம் விதைக்கும் வீட்டுப் பானைக்கும்தான். விற்கிற மூட்டைக்குச் செய்தால், நிறம் மங்கியது என்று வியாபாரி விலையை அறுப்பான். கடன்காரனோ களத்திலேயே நிற்கிறான். அப்புறம் எதைச் சேமிப்பது? அவன் கையைவிட்டுப் போன மூட்டைக்குக் கிட்டங்கியில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்து விஷப்புகை போடுகிறார்கள்.

பாட்டி வைத்தியத்தைப் புகழ்ந்தது போதும், ஐயா! விஷமில்லாத பயறு வேண்டுமென்றால், அறுவடைக்குப் பின் மூன்று மாதம் காத்திருக்க அவனுக்கு வழி செய்யுங்கள். மண்ணும் எண்ணெயும் அவனிடமே இருக்கின்றன.