பூநாரை தரும் நற்சான்றா?

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், எண்ணூர்க் கழிமுகத்தில் இன்றும் பூநாரைகள் இறங்குகின்றனவே என்னும் சமாதானமும் கூடவே வந்துவிடுகிறது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் பின்னணியில் எடுக்கப்பட்ட இளஞ்சிவப்புப் படங்கள், ஆலையும் இயற்கையும் ஒத்து வாழ்வதற்கான ஆதாரமாக ஆக்கப்படுகின்றன. ஆழமற்ற உவர்நீரில் தலையைக் கவிழ்த்து, அலகால் சேற்றை வடிகட்டி உண்ணும் பூநாரை, பல மீன்களால் தாங்க முடியாத உப்பையும் தாங்கும் என்பதால், அதன் வருகை நீரின் நலத்துக்கு நற்சான்று ஆகாது.

 பறவைக்கு இடமிருப்பதாகச் சொல்லப்படும் இதே கரையில், காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் ஏற்கெனவே துறைமுகத்துக்காகத் தம் கடற்கரையை விட்டே பெயர்க்கப்பட்டனர்.

விரிவாக்கத் திட்டத்தின்படி துறைமுகப் பரப்பு 330 ஏக்கரிலிருந்து ஏறத்தாழ 6,110 ஏக்கராகும். அதில் சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்துப் பெறப்படுவது. சரக்குக் கையாளும் திறனோ ஆண்டுக்கு 2.46 கோடி டன்னிலிருந்து 32 கோடி டன்னாக உயருமாம். நிலம் 18 மடங்கு, சரக்கு 13 மடங்கு. ஏக்கருக்குச் சுமார் 74,500 டன் கையாளக்கூடிய துறைமுகம், விரிந்த பிறகு 52,400 டன்தான் கையாள முடியும் என்றால், கூடுதல் நிலம் முழுவதும் கப்பலுக்காகக் கேட்கப்படவில்லை என்பது கூட்டல் கழித்தல் தெரிந்த எவருக்கும் விளங்கும். துறைமுகத்தின் பெயரில் தொழிற்பேட்டைக்கு மனை வளைக்கப்படுகிறது. வேலைவாய்ப்பைக் காட்டி இதை நியாயப்படுத்துவோர், எண்ணூரில் ஏற்கெனவே நிற்கும் ஆலைகளின் வாயிலில் உள்ளூர் இளைஞர் எத்தனை பேர் நிரந்தரப் பணியாளராக நுழைகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வரட்டும்.

இக்கரையோரம் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 'கரையோர மணலோட்டம்' எனப்படும் இந்த நகர்வை அலைதடுப்புச் சுவர் மறிக்கும்போது தெற்கே மணல் சேர, வடக்கே கரை அரிக்கப்படுகிறது. அந்த வடக்கில்தான் பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் மெல்லிய மணல்திட்டு இருக்கிறது. கடல்மட்டம் உயர்ந்துவரும் காலத்தில் அதைப் பணயம் வைப்பது வெறும் மடமை. கொசஸ்தலையாற்று வெள்ளத்தை வாங்கி வடிப்பதும் எண்ணூர்க் கழிமுகத்துச் சதுப்புதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் படர்ந்தபோது, இறகு கறுத்த கூழைக்கடாக்கள் கரையில் நின்றன. மீனவர்கள் எண்ணெயைக் குவளையால் மொண்டு பீப்பாய்களில் ஊற்றினர். படத்துக்கு அழகூட்டும் பறவைகளுக்கு அப்போது கிடைத்த பாதுகாப்பு அவ்வளவே.

2021 தேர்தலின்போது இத்திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்று தி.மு.க. சொன்னது; 2023 செப்டம்பர் 5-க்குக் குறிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டமோ ஒத்திவைக்கத்தான் பட்டது. ஒத்திவைப்பு வேண்டாம், திட்டம் ரத்தாக வேண்டும். அத்தோடு, எண்ணூர் முதல் பழவேற்காடு வரையிலான கழிமுகம் முழுவதிலும் இனி ஒரு செங்கல்லும் எழக் கூடாதெனச் சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டும்.