குளிர்தேச வாழ்வும் குடும்பக் கணக்கும்

பொன்னமராவதியைச் சுற்றியுள்ள கிராமங்களில் இப்பொழுது ஒரு புதிய பேச்சு பரவியிருக்கிறது. பையன் பட்டப் பரீட்சையில் தேறிவிட்டானா என்று கேட்டு முடிப்பதற்குள், கனடாவுக்கா, இங்கிலாந்துக்கா என்ற இரண்டாவது கேள்வி பிறந்துவிடுகிறது. வாலிபர் வெளிதேசம் செல்வதை நாம் குறை கூறவில்லை. கடல் கடந்து செல்வது இவ்வட்டாரத்துக்குப் புதிதுமன்று. ஆயினும், இன்று அவர்கள் செல்லும் இடம் வேறு. செல்லும் விதம் வேறு. அவர்கள்பொருட்டுக் குடும்பங்கள் பணயம் வைக்கும் பொருளும் வேறு. இம்மூன்றையும் பெற்றோர்கள் நிதானமாக ஆலோசிக்கிறார்களா என்பதே நமது கேள்வி.

நம் பாட்டன்மார் காலத்தில் இப்பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு முதலிய இடங்களுக்கே சென்றார்கள். அவை யாவும் உஷ்ண தேசங்கள். நம்முடையவை போன்ற வெயிலும் மழையும் அங்கும் உண்டு. அரிசியும் மிளகாயும் உண்டு. கட்டிய வேஷ்டியோடு இறங்கி மறுநாளே வேலைக்குப் போகலாம். அன்றியும் நகரத்தார் சமூகத்தில் ஒரு பையன் தன்னந்தனியனாய் அனுப்பப்பட்டதில்லை. அவன் போய் இறங்குமிடத்தில் கிட்டங்கி இருந்தது. படுக்க இடமும், பொதுச் சமையலும், கணக்குச் சொல்லிக் கொடுக்க மேலாளும் அடுத்தாளும் இருந்தார்கள். பெட்டியடிப் பையனாய்ப் புகுந்தவன் மூன்று வருஷத் தவணை முடிந்தால் கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்புவான். ஊதியம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்பது புறப்படுமுன்பே வீட்டாருக்குத் தெரியும்.

இன்றைய நிலைமை என்ன? பொன்னமராவதி பூமத்திய ரேகைக்குச் சுமார் 10 டிகிரி வடக்கே இருக்கிறது. மார்கழி அதிகாலையில் 20 டிகிரி உஷ்ணம் இருக்கும்பொழுதே நாம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தேநீர்க் கடையைத் தேடுகிறோம். டொராண்டோ நகரில் ஜனவரி மாதத்துச் சராசரியே நீர் உறையும் நிலைக்குக் கீழே இருக்கிறது. வின்னிபெக்கிலோ அது பூஜ்யத்துக்குச் சுமார் 16 டிகிரி கீழே. டிசம்பரில் டொராண்டோவில் மாலை ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுகிறது. காற்று வீசினால் குளிரின் கொடுமை இன்னும் மிகும். மூடாத காதும் விரலும் உணர்ச்சியற்றுப் போகும். நடைபாதையில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலத்தில் கால் வைத்து எலும்பு முறிந்தவர் அநேகர். இவை புகைப்படத்தில் தெரிவதில்லை. வெண்பனியின் நடுவே சிரித்து நிற்கும் மகனின் படத்தைப் பெற்றோர் உறவினருக்கெல்லாம் காட்டி மகிழ்கிறார்கள். அவன் போட்டிருக்கும் சட்டைக்குக் கடன் வாங்கினானா என்பதைப் படம் சொல்லுமா?

குளிர்தேசத்துக்குச் செல்லுகிறவனுக்கு முதலில் வேண்டியது அறிவுறுத்தலே. மேதைகளுக்கும் அது வேண்டியிருந்தது. கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் 1914ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் இங்கிலாந்து சேர்ந்தார். கேம்பிரிட்ஜில் அவர் இரவில் குளிரால் வருந்துவதைக் கேட்ட பிரசாந்த சந்திர மஹலனோபிஸ், அவருடைய அறைக்குச் சென்று படுக்கையைப் பார்த்தார். கம்பளிகள் மெத்தையின்மேல் நன்றாய் மடித்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றினுள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது ராமாநுஜனுக்குத் தெரியாது; மேலங்கியையும் சால்வையையும் போர்த்துக்கொண்டு கம்பளிகளின்மேலேயே படுத்து வந்திருக்கிறார்! உலகம் வியந்த மூளைக்குக் கம்பளியின் உபயோகத்தைச் சொல்லிக் கொடுக்க, ஒரு சக இந்தியர் தற்செயலாய் வரவேண்டியிருந்தது. யுத்த காலத்தில் சைவ உணவுக்கு அவர் பட்ட பாடும், 1917 முதல் அவரைப் பற்றிய நோயும், 1919இல் திரும்பி வந்து 1920 ஏப்ரல் 26ஆம் தேதி 32ஆம் வயதில் அவர் மறைந்ததும் யாவரும் அறிந்ததே. அந்நோய் இன்னதென்பதில் வைத்தியர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. குளிரே காரணம் என்று நாம் கூறமாட்டோம். ஆனால் தனிமையும் அறியாமையும் எந்த நோயையும் வளர்க்கும் என்பதில் ஐயமில்லை.

மகாத்மா காந்தியின் அநுபவமும் இவ்வாறே. 1888 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் இறங்கும்பொழுது அவர் வெள்ளை உடை தரித்திருந்தார். துறைமுகத்தில் அவ்வாறு உடுத்தவர் தாம் ஒருவரே என்று கண்டு வெட்கமுற்றார். ஆனால் வெட்கத்தோடு அவர் நின்றுவிடவில்லை. காசுக்குக் காசு கணக்கெழுதினார். வண்டிக் கூலியைச் சேமிக்க நாள்தோறும் பல மைல் நடந்தார். அறையிலேயே கஞ்சி காய்ச்சிக் குடித்தார். பின்னர், இலண்டனுக்கு வரும் இந்திய மாணவருக்காக, என்ன உடை வேண்டும், என்ன செலவாகும், வாரத்துக்கு ஒரு பவுனில் எவ்வாறு ஜீவிக்கலாம் என்று ஒரு வழிகாட்டி நூலும் எழுதினார். தாம் பட்டறிந்ததைப் பின்வருவோருக்குக் கணக்காக்கிக் கொடுப்பதும் தேச சேவை என்பதை அவர் அறிந்திருந்தார்.

அந்தக் கணக்கை இன்றைக்கு நாம் போட்டுப் பார்ப்போம். கனடாவுக்குப் படிக்கச் செல்லும் ஒருவன், கல்லூரிச் சம்பளமும் பிரயாணச் செலவும் நீங்கலாக, ஒரு வருஷ ஜீவனத்துக்கு இவ்வளவு தொகை தன்னிடம் இருப்பதாகக் காட்டவேண்டும் என்று அந்நாட்டு சர்க்கார் விதித்திருக்கிறார்கள். பல வருஷங்களாக அது 10,000 டாலராக இருந்தது. 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து 20,635 டாலராயிற்று. 2025 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, க்யூபெக் மாகாணம் நீங்கலாக, 22,895 டாலராயிற்று. மாதத்துக்குப் பங்கிட்டால் சுமார் 1,908 டாலர். அறை வாடகை, சாப்பாடு, பஸ் கட்டணம், குளிர் உடை எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும்.

"பையன் வேலை செய்து சம்பாதித்துக்கொள்வான்" என்று தரகர்கள் சொல்லுகிறார்கள். சொல்லட்டும், கணக்கு என்ன சொல்லுகிறது? 2024 நவம்பர் மாதத்திலிருந்து, படிப்பு நடக்கும் காலத்தில் கல்லூரிக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரமே மாணவன் வேலை செய்யலாம். ஒண்டாரியோ மாகாணத்தில் 2025 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17 டாலர் 60 சென்ட். வாரத்துக்கு 422 டாலர் 40 சென்ட் ஆகிறது. 52 வாரமும் ஒரு மணி நேரமேனும் தவறாமல், காய்ச்சல் தலைவலி வராமல் உழைத்தாலும், பிடித்தங்களைக் கழிக்காமலே 21,964 டாலர் 80 சென்ட்தான். சர்க்கார் கூறும் ஜீவனச் செலவுக்கே 930 டாலர் குறைகிறது! விடுமுறை மாதங்களில் முழு நேரம் உழைத்து இந்தக் குறையை ஈடு செய்யலாம் என்பது உண்மையே. ஆனால் கல்லூரிச் சம்பளத்தை யார் கொடுப்பது? போய் இறங்கிய மறுநாளே வேலை கிடைத்துவிடுமா? வேலை கிடையாத மாதத்தில் குளிர் தன் வேலையை நிறுத்தி வைக்குமா?

கல்லூரிச் சம்பளம் இடத்துக்கு இடம், படிப்புக்குப் படிப்பு வேறுபடும். 20,000 டாலர் என்றே வைத்துக்கொள்வோம். ஜீவனத் தொகையும் சேர்த்து முதல் வருஷத்துக்கு 42,895 டாலர். டாலருக்கு 60 ரூபாய் என்று குறைத்தே மதித்தாலும் 25 லக்ஷத்து 73 ஆயிரத்து 700 ரூபாய். மழையை நம்பிக் கண்மாய்ப் பாசனம் செய்யும் நம் வட்டாரத்து விவசாயிக்கு இது எத்தனை போகத்து விளைச்சல் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவே கடன். கல்விக் கடனில் ஏழரை லக்ஷத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வீட்டையோ நிலத்தையோ ஈடு காட்டும்படி பாங்கிகள் கேட்பது வழக்கம். படிப்புக் காலத்திலும் அதற்கப்பால் ஒரு வருஷம் வரையிலும் தவணை கட்டவேண்டியதில்லை என்பது பலருக்கு ஆறுதலாயிருக்கிறது. அக்காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. ஜாமீன் கையெழுத்துப் போடும் தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் சட்டம் அறிந்தோர் என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்லுவோம். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவின்படி, வேறுவிதமாய் ஒப்பந்தம் இல்லாவிடில், கடன் வாங்கியவனுக்குள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. "பையன் கட்டுவான், நான் சாட்சிக்காகத்தான் போட்டேன்" என்ற பேச்சு கோர்ட்டில் செல்லாது. உறவுக்காகப் போடும் கையெழுத்து உறவையே அறுக்கும் கத்தியாவதற்கு இடம் வைக்கலாகாது.

தரகர்களைப் பற்றியும் மௌனமாயிருத்தல் தகாது. வேலைக்கு ஆள் சேர்த்து வெளிதேசம் அனுப்புவோர் 1983ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர் அச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். பொய்யான சேர்க்கைக் கடிதங்களை நம்பிச் சென்ற பஞ்சாப் மாணவர் பலர் 2023இல் கனடாவிலிருந்து வெளியேற்றப்படும் அபாயத்தில் சிக்கினார்கள். அதன்பின்னரே, அவ்வருஷம் டிசம்பர் முதல், ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்யும் முறை வந்தது. இதனினும் கொடியது 2022 ஜனவரியில் நிகழ்ந்தது. கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குள் இரவில் கால்நடையாய்க் கடக்க முயன்ற குஜராத்தி குடும்பத்தார் நால்வர், இரு குழந்தைகள் உட்பட, மானிடோபா எல்லையில் உறைந்து மாண்டனர். ஆசைகாட்டி அழைத்துச் செல்பவன் பனியில் உடன் நடப்பதில்லை.

இவ்வளவையும் கேட்டு, "அப்படியானால் யாரும் போகவே வேண்டாமா?" என்று வாலிபர் கேட்பது நியாயமே. போகலாம்; போய் வாழ்ந்து காட்டிய தமிழரும் இருக்கிறார்கள். 1983 ஜூலைக் கொடுமைகளுக்குப் பின் இலங்கையிலிருந்து சென்ற தமிழ்ச் சகோதரர்களைப் பாருங்கள். 1986 ஆகஸ்டில் அவர்களில் 155 பேர் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருக்க, அந்நாட்டு மீனவர் கண்டு காப்பாற்றினர். கையில் பொருளில்லை, மேலில் கம்பளியில்லை. ஆயினும் முதலில் வந்தவன் பின்வந்தவனுக்கு அறையில் இடம் கொடுத்தான். வேலை தேடிக் கொடுத்தான். எந்தக் கடையில் பழைய மேலங்கி மலிவாய்க் கிடைக்கும் என்று கைப்பிடித்து அழைத்துச் சென்றான். இன்று ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைகளும் கோயில்களும் பள்ளிகளும் விளங்குகின்றன. ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபு மாதமாக அந்நாட்டுப் பார்லிமெண்டு 2016இல் ஏற்றது. உயிருக்கு அஞ்சி ஓடினவர்கள் ஒருவரையொருவர் தாங்கி நின்றார்கள். விருப்பத்தோடு விமானமேறும் நம் பிள்ளைகளோ ஒருவரையொருவர் அறியாமல், வாடகை அதிகம் என்று நிலவறையில் ஐவராய் அறுவராய் ஒடுங்கி, வீட்டுக்குப் பேசும்பொழுது மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

ஆதலின் நாம் வேண்டுவன சில. முதலாவது, பெற்றோர் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் ஒரு வருஷக் கணக்கை மகனையே எழுதச் செய்து, தாமும் படிக்கவேண்டும். அதில் குளிருக்கென்று தனி வரி இருக்கவேண்டும்: உள்ளாடை, கனத்த மேலங்கி, வழுக்காத பாதரட்சை, கையுறை, வைத்தியச் செலவு. இங்கே வாங்கும் ஸ்வெட்டர் அங்கே உள்ளாடைக்கே காணும். கனத்த உடையை அங்கே சென்று, பழைய உடைக் கடையிலேனும் வாங்குவதே மேல். அறையில் கரியடுப்பு மூட்டிக் குளிர் காய்வது உயிருக்கு ஆபத்து. டொராண்டோ நகரில் குளிர் மாதங்களில் வெப்பம் தரும் பொறுப்பு வீட்டுக்காரருடையதாயின், 21 டிகிரிக்குக் குறையாமல் அவர் தரவேண்டும் என்று நகரச் சட்டமே இருக்கிறது. வாடகைக்குப் போகும் பையன் இதை அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பொன்னமராவதியிலும் மேலைச்சிவபுரியிலும் வலையபட்டியிலும் உள்ள கல்வி ஸ்தாபனங்களும் சமூக சங்கங்களும் ஒன்று கூடி, வெளிதேசத்திலிருந்து விடுமுறைக்கு வருவோரைக்கொண்டு போகவிருப்போருக்கு மாதம் ஒரு நாள் உண்மையைச் சொல்லச் செய்யலாம். பெருமையை விட்டு நஷ்டத்தையும் சொல்லவேண்டும். அன்று கிட்டங்கி கட்டிய சமூகங்கள், இன்று அந்நகரங்களில் புதிதாய் வருவோர் முதல் இரண்டு வாரம் தங்குவதற்கு ஒரு வீடு அமைப்பது ஆகாத காரியமா?

மூன்றாவது, சர்க்காரின் கடமை. மத்திய சர்க்கார் கல்வித் தரகர்களையும் பதிவுக்குள் கொண்டுவர வேண்டும். தமிழ்நாட்டு சர்க்கார் அயலகத் தமிழர் நலனுக்கென்று ஓர் இலாகா வைத்திருக்கிறார்கள். ஜனவரி 12ஆம் தேதியை அயலகத் தமிழர் தினமாகவும் கொண்டாடுகிறார்கள். கொண்டாட்டம் நன்றே. அதனோடு ஒவ்வொரு குளிர்தேசத்துக்கும் வாடகை, உணவு, உடை, வைத்தியம், வேலை விதிகள் அடங்கிய சிறு தமிழ்க் கையேடு ஒன்றை வருஷந்தோறும் புதுப்பித்து, தாலுகாக் காரியாலயங்களில் இலவசமாய்க் கிடைக்கச் செய்தால், கிராமத்துத் தகப்பன் அதைப் படித்துவிட்டுத் தரகனிடம் நாலு கேள்வி கேட்பான்.

வாலிபர்களுக்கும் ஒன்று கூறுவோம். கஷ்டத்தை வீட்டாரிடம் மறைப்பது வீரமன்று. செலவு மிஞ்சினால் முதல் மாதத்திலேயே சொல்லுங்கள். படிப்பு சரிப்படாவிட்டால் முதல் வருஷத்திலேயே திரும்புங்கள். அவ்வாறு திரும்புகிறவனைப் பார்த்து நகைக்கும் ஊர், அவனுக்கு மட்டுமன்று, நாளை போகப்போகிற தன் பிள்ளைகளுக்கும் கேடு செய்கிறது. நிலம் போனால் மீட்பது கடினம். ஆரோக்கியமும் நம்பிக்கையும் போனால் மீட்பது அதனினும் கடினம். கணக்கறிந்து செல்லுகிறவனை நாம் வாழ்த்தி அனுப்புவோம். கணக்கறியாமல் செல்லுகிறவனைச் சற்று நிறுத்தி, பேனாவையும் காகிதத்தையும் அவன் கையில் கொடுப்பது பெற்றோர் கடமை, ஊரார் கடமை, தேசாபிமானிகள் யாவரின் கடமை.