கடலுக்கடியில் மண் சரிந்தால் எரிவாயுக் குழாய் தாங்குமா? ஆய்வுக்கூடம் சொல்லும் பதில்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மறுநாள், செஞ்சியிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் உருண்டு வந்து வீடுகளை மூடியதில் 7 பேர் உயிரிழந்தனர்.

நிலத்தில் நடந்ததால் இது எல்லோர் கண்ணிலும் பட்டது. இதே மாதிரி சரிவு கடலுக்கடியிலும் நடக்கும். அங்கே வீடுகள் இல்லை. ஆனால் எண்ணெய், எரிவாயுக் குழாய்கள் கிடக்கின்றன.

கடலுக்குள் ஏன் சரிகிறது?

செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணி, வீடூர் அணையைத் தாண்டி, புதுச்சேரிக்குத் தெற்கே வங்கக் கடலில் கலக்கிறது. வழியெல்லாம் வண்டலை அள்ளிக்கொண்டு போகிறது. இது சின்ன ஆறுதான். கிருஷ்ணாவும் கோதாவரியும் கொண்டுபோய்க் கொட்டும் வண்டல் இதைவிடப் பல மடங்கு.

வண்டல் வேகமாகக் குவியும்போது அதற்குள் சிக்கிய தண்ணீர் வெளியேற நேரம் கிடைக்காது. மண் இறுகாமல் கூழ் மாதிரியே இருக்கும். பிறகு ஒரு நிலநடுக்கம், பெரும்புயலின் அலை அழுத்தம், அடியிலிருந்து கசியும் வாயு என ஏதாவது ஒன்று போதும், மொத்தமும் நகர ஆரம்பித்துவிடும். ராஜகிரி மாதிரி செங்குத்தான மலையெல்லாம் தேவையில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று முகத்துவாரத்தில் ஒரு டிகிரிகூட இல்லாத சாய்விலேயே மண் சரிந்திருக்கிறது.

இதுவரை என்ன நடந்திருக்கிறது?

1929 நவம்பர் 18: கனடாவின் கிராண்ட் பேங்க்ஸ் அருகே 7.2 அளவில் நிலநடுக்கம். கடலடி மண் சரிந்து 12 தந்திக் கேபிள்கள் அடுத்தடுத்து அறுந்தன. சரிவு கிளப்பிய சுனாமியில் 28 பேர் இறந்தார்கள். கேபிள்கள் அறுந்த நேரத்தை வைத்துத்தான், கடலடிச் சேறு எவ்வளவு வேகமாக ஓடும் என்பதே பின்னாளில் கணக்கிடப்பட்டது.

2004 செப்டம்பர்: மெக்சிகோ வளைகுடாவில் ஐவன் சூறாவளியால் கடலடி மண் சரிந்து, டெய்லர் எனர்ஜி நிறுவனத்தின் எண்ணெய் மேடை சாய்ந்தது. மண்ணுக்குள் புதைந்த கிணறுகளிலிருந்து எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. அதைப் பிடித்துச் சேகரிக்கும் அமைப்பு 2019-ல்தான் பொருத்தப்பட்டது.

நமக்கு என்ன சம்பந்தம்?

கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் கேஜி-டி6 வயலிலிருந்து 2009 முதல் எரிவாயு காக்கிநாடா அருகே கரைக்கு வருகிறது. அந்தப் பகுதியில் சில கிணறுகள் 2,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உள்ளன. அங்கிருந்து வரும் குழாய், வண்டல் மூடிய கடலடிச் சரிவில் ஏறித்தான் கரையை அடைய வேண்டும். தமிழகத்திலும் பிஒய்-1 கடல் வயலிலிருந்து மயிலாடுதுறை மாவட்டம் பிள்ளைப்பெருமாள்நல்லூருக்குக் கடலடிக் குழாய் இருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

சரிவு எப்போது நடக்கும்னு காத்திருந்து கடலில் அளக்க முடியாது. அதனால் சின்ன அளவில் செய்து பார்க்கிறார்கள். இதில் ஒரு சிக்கல்: 10 மீட்டர் மண்ணை 10 சென்டிமீட்டராகச் சுருக்கினால் எடையும் குறைந்துவிடும், நிஜ மண் மாதிரி நடந்துகொள்ளாது.

இதற்குத்தான் சென்ட்ரிஃபியூஜ். திருவிழா ராட்டினம் மாதிரி, நீண்ட கையின் நுனியில் மண் பெட்டியைத் தொங்கவிட்டு வேகமாகச் சுற்றுவார்கள். புவியீர்ப்பைப் போல 100 மடங்கு விசை கிடைக்கும்படி சுற்றினால், 10 செ.மீ. களிமண்ணின் அடியில் 10 மீட்டர் மண்ணுக்குரிய அழுத்தம் வந்துவிடும். மண் இறுகும் வேகமோ 10,000 மடங்கு கூடும். ஓராண்டு வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மும்பை ஐஐடி-யில் 4.5 மீட்டர் ஆரம் கொண்ட இத்தகைய பெரிய கருவி இருக்கிறது.

இன்னொரு முறை, தண்ணீர் நிரப்பிய நீளமான சாய்வுத் தொட்டி. அதில் சேற்றைத் திறந்துவிட்டு, குறுக்கே வைத்த சிறு குழாயில் உணரிகளைப் பொருத்தி, மோதும் விசையை அளப்பார்கள்.

என்ன தெரிய வந்தது?

ஓடும் சேற்றின் முன்பகுதிக்கு அடியில் தண்ணீர்ப் படலம் சிக்கிக்கொள்ளலாம். மழை ரோட்டில் டயர் வழுக்குகிற மாதிரி, சேறு தரையைத் தொடாமலே வெகுதூரம் ஓடும். குழாய் மீது விழும் விசை, சேற்றின் வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல. அது எவ்வளவு கெட்டி என்பதையும் பொறுத்தது. குறுக்காகக் கிடக்கும் குழாய்க்கு அடி அதிகம். ஓட்டத்தின் திசையிலேயே போகும் குழாய்க்குக் குறைவு.

அடுத்த சரிவு என்றைக்கு என்பதை எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாது. வந்தால் எவ்வளவு பலமாக அடிக்கும் என்பதை மட்டும் சொல்லும். அதை வைத்துச் செய்யக்கூடிய உருப்படியான வேலை ஒன்றுதான்: எந்த வழியாகக் குழாய் போடுவது என்று முடிவெடுப்பது. 2,000 மீட்டர் ஆழத்தில் ஒருமுறை போட்ட குழாயை இன்னொரு பக்கம் நகர்த்துவது லேசான காரியமில்லை. அதனால் இந்தச் சோதனையெல்லாம் குழாய் கடலில் இறங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.