மதிப்பெண்ணை வாசலில் மாட்டுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கட்டடம் கட்டுபவர்களும், கடை வைத்திருப்பவர்களும், வாடகைக்கு இடம் தேடுபவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

நம் காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. ஊர் வளர வளர, கண்ணாடி முகப்போடு வணிகக் கட்டடங்களும் எழும்புகின்றன. மேற்கு வெயில் நேராக அடிக்கும் பக்கத்திலும் கண்ணாடிதான். உள்ளே இறங்கும் சூட்டை வெளியே தள்ள நாள் முழுக்க ஏ.சி. ஓடுகிறது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2001-ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2007-ல் மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு, வணிகக் கட்டடங்களுக்கு ஈ.சி.பி.சி. என்ற விதிமுறையை வெளியிட்டது. 2017-ல் அதைத் திருத்தி எழுதினார்கள். மின் இணைப்புச் சுமை 100 கிலோவாட் அல்லது ஒப்பந்த அளவு 120 கே.வி.ஏ. உள்ள வணிகக் கட்டடங்களுக்கு இது பொருந்தும். சுவரும் கூரையும் எவ்வளவு சூட்டைத் தடுக்க வேண்டும், ஏ.சி.யின் திறன் என்ன, சதுர மீட்டருக்கு எத்தனை வாட் விளக்கு என்றெல்லாம் அதில் கணக்கு உண்டு. நேரடி அளவுகோல் முறையில் போனால், வெளிச்சுவரில் ஜன்னல் கண்ணாடி 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இவற்றுக்கெல்லாம் உட்பட்டிருக்கிறது என்று காட்டுவதுதான் இணக்க அறிக்கை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அறிக்கை பெரும்பாலும் வரைபடத்தைப் பார்த்து எழுதப்படுவது. ‘இந்தக் கட்டடம் இப்படிக் கட்டப்பட்டால் இவ்வளவு மின்சாரம் செலவாகும்’ என்று அது சொல்கிறது. கட்டும்போது விலை குறைந்த கண்ணாடிக்கு மாறலாம். கூரையில் போடவேண்டிய வெப்பத் தடுப்பு ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விடுபடலாம். குடிவந்தவர் ஏ.சி.யை 18 டிகிரியில் வைக்கலாம். அறிக்கை மட்டும் கோப்பில் பத்திரமாக இருக்கும்.

பரீட்சைக்கு முன் மாணவன் சுவரில் ஒட்டும் டைம்டேபிள் உங்களுக்கு நினைவிருக்கும். நல்ல டைம்டேபிள் போட்டவர்கள் எல்லாம் பாஸ் ஆனதில்லை. இணக்க அறிக்கை ஒரு டைம்டேபிள். மின் கட்டண ரசீதுதான் விடைத்தாள். விடைத்தாளைத் திருத்தாமல் மதிப்பெண் போடக் கூடாது என்பதே என் கருத்து.

திருத்தும் முறையும் நம்மிடம் இருக்கிறது. ஓராண்டு செலவான யூனிட்டைக் கட்டடத்தின் பரப்பால் வகுத்து, கட்டடங்களுக்கு 1 முதல் 5 நட்சத்திரம் தரும் திட்டத்தை பி.இ.இ. 2009-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் விருப்பம் உள்ளவர்கள் மட்டும் சேரலாம். இஷ்டப்பட்டால் எழுதலாம் என்று பரீட்சை வைத்தால் முதல் பெஞ்சு மட்டும்தானே எழுதும்?

மற்ற நாடுகளைப் பாருங்கள். பிரிட்டனில் பெரிய அரசுக் கட்டடங்கள், உண்மையில் செலவான எரிசக்தியை வைத்துக் கணக்கிட்ட சான்றை, மக்கள் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும் என்பது 2008-ல் வந்தது. நியூயார்க் நகரில் 2020 முதல் 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் ஏ, பி, சி, டி என்ற தரத்தை வாசலில் ஒட்டுகின்றன. விவரம் தராதவர்களுக்கு ‘எஃப்’.

இங்கும் அப்படிச் செய்யலாம். கட்டடம் புழக்கத்துக்கு வந்து ஓராண்டு ஆனதும், செலவான யூனிட்டை அறிக்கையில் சொன்ன கணக்கோடு ஒப்பிட்டு, அந்த எண்ணை வாசலில் மாட்டச் சொல்ல வேண்டும்.

‘இன்னொரு சான்றிதழா, இன்னொரு அலைச்சலா?’ என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் யூனிட் கணக்கு மின்வாரியத்திடம் இருக்கிறது. பரப்பளவு சொத்துவரிக் கணக்கில் இருக்கிறது. மிச்சம் ஒரே ஒரு வகுத்தல். ‘ஆஸ்பத்திரியும் ஜவுளிக்கடையும் ஒன்றா?’ என்றால், ஒன்றல்ல. ஆஸ்பத்திரியை ஆஸ்பத்திரியோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதில் முக்கியமாக நஷ்டப்படுபவர் வாடகைதாரர். கட்டும்போது மிச்சம் பிடிப்பவர் உரிமையாளர். அந்த மிச்சத்துக்கு ஆண்டுக்கணக்கில் கரண்ட் பில் கட்டுபவர் கடைக்காரர். வாசலில் ஒரு எண் இருந்தால் முன்பணம் கொடுக்குமுன் அவர் யோசிப்பார். நல்ல கட்டடம் கட்டியவருக்கும் அதற்குரிய வாடகை கிடைக்கும்.

நம் செட்டிநாட்டு வீடுகளில் கனத்த சுவர், உயர்ந்த கூரை, சூடான காற்று மேலே போக வளவு என்று எல்லாம் இருந்தன. ஜவுளிக்கடையை அப்படிக் கட்டச் சொல்லவில்லை. எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் என்று பார்த்துக் கட்டினார்கள். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

சிறிய கடைக்காரர்கள் ‘நமக்குச் சட்டம் இல்லை’ என்று விட்டுவிடாதீர்கள். கடந்த ஓராண்டு ரசீதுகளின் யூனிட்டைக் கூட்டுங்கள். சதுர அடியை 10.76-ஆல் வகுத்தால் சதுர மீட்டர். யூனிட்டை அதால் வகுங்கள். உதாரணமாக 5,380 சதுர அடி என்றால் 500 சதுர மீட்டர். 75,000 யூனிட் செலவானால் விடை 150. அடுத்த ஆண்டும் போட்டுப் பாருங்கள். ஏ.சி.யை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது பி.இ.இ. 24-ல் வைத்துப் பாருங்கள்.

பொறியாளர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிக்கையில் கையெழுத்துப் போட்டதோடு நிறுத்தாமல், ஓராண்டு கழித்து அந்தக் கட்டடத்தின் மின் ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மற்றவர்கள் தங்கள் கடையின் விடையைக் கீழே எழுதுங்கள். வகுத்தல் சரியா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்