குணமாக்கும் சிகிச்சையைக் கிடப்பில் போடலாமா?

2025 மே 19 அன்று அமெரிக்காவின் பிரைம் மெடிசின் நிறுவனம் இரண்டு செய்திகளைச் சேர்த்தே வெளியிட்டது. சிஜிடி என்னும் பரம்பரை நோய் எதிர்ப்புக் குறைபாட்டுக்கு, நோயாளியின் ஸ்டெம் செல்களை எடுத்து மரபணுவைத் திருத்தி மீண்டும் செலுத்தும் சிகிச்சை முதல் நோயாளியிடம் பலன் தந்துள்ளது என்பது ஒன்று. அதைத் தன் செலவில் இனி வளர்க்கப்போவதில்லை, வேறு யாராவது ஏற்று நடத்தலாம் என்பது இன்னொன்று. தோற்ற சிகிச்சையைக் கைவிடுவது நியாயம். ஜெயித்ததைக் கைவிடுவது என்ன நியாயம்?

சிஜிடி நோயாளிகளின் வெள்ளையணுக்கள் கிருமிகளை விழுங்கும், கொல்ல மாட்டா. மற்றவர்களை அண்டாத பூஞ்சைகூட இவர்களின் நுரையீரலை அழித்துவிடும். இந்நோயின் ஒரு வகைக்குக் காரணம், ஒரு மரபணுவில் இரண்டே எழுத்துகள் விடுபட்டிருப்பது. இந்தச் சிகிச்சையில் பயன்படும் பிரைம் எடிட்டிங் என்னும் மரபணுத் திருத்த முறை அந்த எழுத்துகளை உரிய இடத்திலேயே சேர்க்கிறது. சிகிச்சைக்குப் பின் முப்பதாம் நாளில் முதல் நோயாளியின் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்களில் 66 சதவீதம் வேலை செய்தன. 20 சதவீதம் இருந்தாலே நோயாளிக்குப் பலன் உண்டு என்பது மருத்துவக் கணிப்பு. தேவையைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் கிடைத்தும் திட்டம் பின்னுக்குப் போனது.

இது முதல் முறையுமல்ல. ஏடிஏ-ஸ்கிட் என்னும் கொடிய நோய் எதிர்ப்புக் குறைபாட்டுக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த மரபணு சிகிச்சையின் முடிவுகள் 2021இல் வெளியாயின. சிகிச்சை பெற்ற 50 குழந்தைகளும் உயிரோடிருந்தார்கள்; 48 பேருக்குச் சிகிச்சை பலித்திருந்தது. ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு! இதைவிட நல்ல முடிவு எந்த மருந்துக்கு வாய்க்கும்? ஆனாலும் உரிமம் வைத்திருந்த ஆர்ச்சர்ட் தெரபியூட்டிக்ஸ் அதைக் கைகழுவியது. இதே நோய்க்கு ஐரோப்பா 2016இல் ஒப்புதல் அளித்த ஸ்ட்ரிம்வெலிஸும் அந்நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. 5,94,000 யூரோ விலை இருந்தும் 2022இல் அதிலிருந்தும் விலகுவதாக அறிவித்தது.

முதல் போட்டவர் லாபம் பார்க்க வேண்டாமா என்கிறார்கள். முதலில் முதல் போட்டது யார்? ஏடிஏ-ஸ்கிட்டுக்கான மரபணு சிகிச்சை 1990இல் தொடங்கியதே அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில்தான். சிஜிடி சிகிச்சையில் ஒரே நோயாளியை வைத்துப் பேசலாமா என்கிறார்கள். ஆய்வு தொடர்ந்தால்தானே அடுத்த நோயாளியின் தரவு வரும்! பிரான்சில் மரபணு சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததை நினைவூட்டிப் பயமுறுத்துகிறார்கள். அது வைரஸ் வழியாகச் செருகிய மரபணு தகாத இடத்தில் போய் அமர்ந்த விளைவு. பிரைம் எடிட்டிங்கில் அப்படிப்பட்ட செருகல் இல்லை. டிஎன்ஏவின் இரு இழைகளையும் சேர்த்து வெட்டுவதும் இல்லை.

இத்தாலியைப் பாருங்கள். ஆண்டுதோறும் தொலைக்காட்சி வழியே பொதுமக்களிடம் நிதி திரட்டும் டெலிதான் அறக்கட்டளை, ஆர்ச்சர்ட் விட்டுச்சென்ற ஸ்ட்ரிம்வெலிஸை 2023இல் தானே ஏற்றுக்கொண்டது. பங்குச்சந்தைக்குக் கட்டுப்படியாகாத மருந்து, மக்கள் தந்த பணத்தில் நோயாளியைச் சென்றடைகிறது. லாபம் கருதாத அமைப்பால் இதெல்லாம் ஆகாது என்ற பேச்சு அன்றே பொய்த்துவிட்டது.

ஆகவே, அரசுப் பணத்தில் பிறந்த சிகிச்சையை ஒரு நிறுவனம் ஓராண்டு முடக்கி வைத்தால் உரிமம் தானாகப் பொது அமைப்புக்குத் திரும்ப வேண்டும். அதுவும் போதாது. ஒரு நோய்க்குச் சில நூறு குழந்தைகளே இருக்கும் இத்துறை பங்குச்சந்தைக்கு ஒருநாளும் லாபம் தராது. இந்தச் சிகிச்சைகளை இனி நிறுவனங்களிடம் ஒப்படைக்கவே கூடாது. அரசுகளே தயாரித்து, அரசுகளே வழங்க வேண்டும்.